சூட்டட் ஏஸ் வந்தால் கால் செய்வது லாபமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் போக்கர் ஆட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டத்தின் விதிகளைப் புதியவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு பத்தி இருந்தது. ஏஸும் அதே சூட்டில் (ஹார்ட்டின், ஸ்பேட், டைமன், கிளாவர் என்ற நான்கு இனங்களில் ஒன்று) இன்னொரு சீட்டும், அதாவது சூட்டட் ஏஸ், கைக்கு வந்துவிட்டால், முன்னால் யார் ரெய்ஸ் செய்திருந்தாலும் (பந்தயத்தை ஏற்றியிருந்தாலும்) கால் செய்து (அதே தொகையைப் போட்டு) ஃப்ளாப்பைப் பார்த்துவிட வேண்டும், ஃப்ளஷ் விழுந்தால் மொத்தப் பணமும் வந்துவிடும், நீண்ட நாள் கணக்கில் இது லாபம்தான் என்று சொல்லியிருந்தது. அந்தப் பத்திக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில்காரி. கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தவள். இப்போது பனாஜியில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பல் ஒன்றில் போக்கர் டீலராக வேலை பார்க்கிறேன். சீட்டைக் கலைத்துப் போடுவதும், பணம் சரியாக மேசைக்கு வருகிறதா என்று பார்ப்பதும், பாட்டை, அதாவது நடுவில் சேர்ந்த பணத்தை, எண்ணி வென்றவர் பக்கம் தள்ளுவதும் என் வேலை. நான் ஆடுவதில்லை. ஆடாமல் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு யார் எந்தக் கையோடு உள்ளே வருகிறார்கள், எந்தக் கையில் பணம் போகிறது என்பது மற்றவர்களைவிடத் தெளிவாகவே தெரியும். சனிக்கிழமை இரவுகளில் மேசையில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்களாக இருப்பார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பையன்கள், “அக்கா, இன்னைக்காவது நல்ல சீட்டாப் போடுங்க” என்றுதான் உட்காருவார்கள். அந்தத் தம்பிகள் உங்கள் கட்டுரையைப் படித்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொருவருக்கும் கவிழ்த்த இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதில் முதல் மூன்றும் சேர்ந்து ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஏழு சீட்டில் நல்ல ஐந்தை வைத்து ஜெயிக்கலாம். ஐந்தும் ஒரே சூட்டாக இருந்தால் ஃப்ளஷ். அந்தச் சூட்டின் ஏஸ் நம் கையில் இருந்தால் நம்முடையதுதான் பெரிய ஃப்ளஷ். சூட்டட் ஏஸின் மீது இருக்கும் மோகம் முழுக்க இதிலிருந்து வருவதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 52 சீட்டில் இரண்டு சீட்டு எடுக்க 1326 வழிகள் உண்டு. அதில் சூட்டட் ஏஸ் 48 மட்டும். நூறு கைக்கு மூன்று, நான்கு தடவைதான் வரும். அபூர்வமாக வருவதால்தான் அதைக் கீழே போட மனம் வருவதில்லை. கட்டுரையாளரும் அந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அபூர்வமான கை என்பதும் லாபமான கை என்பதும் ஒன்றல்ல. ஒரே சூட்டில் இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் விழும் வாய்ப்பு 0.84 சதவீதம். ஏறக்குறைய 119 தடவைக்கு ஒரு தடவை. ஃப்ளாப்பில் இன்னும் இரண்டு சீட்டு அதே சூட்டில் விழுந்து, ஒன்று மட்டும் பாக்கி என்கிற நிலை 11 சதவீதம். அந்த நிலையிலிருந்து ரிவர் வரை போனால் 35 சதவீதம் நிறையும், மற்ற 65-இல் நிறையாது.

இதை ரூபாயில் சொன்னால்தான் உறைக்கும். எங்கள் கப்பலில் அதிகம் ஓடுவது 100-200 மேசை. பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு இருக்கைக்காரர்கள் கட்டாயமாகப் போடும் தொகை. சின்ன பிளைண்ட் 100, பெரிய பிளைண்ட் 200. ஒருவர் 800-க்கு ரெய்ஸ் செய்கிறார். சூட்டட் ஏஸ் வைத்திருப்பவர் ஃப்ளஷை மட்டும் நம்பி நூறு தடவை கால் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பணம் 80,000. நூறில் ஒரு தடவை ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ். பதினோரு தடவை ஒரு சீட்டுக் குறை. அந்தப் பதினொன்றில் நான்கு நிறையும், ஏழு நிறையாது. நிறையாத ஏழுக்கும் ஃப்ளாப்பில் ஒரு பெட்டுக்காவது (பந்தயத்துக்காவது) காசு கொடுத்திருப்பார். தடவைக்கு 1,800 என்றால் 12,600. ஆக 92,600 ரூபாயை ஐந்து ஃப்ளஷ் திருப்பித் தர வேண்டும். ஒரு ஃப்ளஷுக்கு 18,500. ஆனால் இந்த மேசைக்கு வருகிற பலர் 20,000 ரூபாய்க்குச் சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) வாங்கிக்கொண்டு உட்காருகிறவர்கள். அப்படியென்றால் ஃப்ளஷ் விழும் ஒவ்வொரு முறையும் எதிரி தன்னிடம் இருப்பதை ஏறக்குறைய முழுசாகக் கொடுக்க வேண்டும், அதுவும் கணக்கு நேராவதற்குத்தான். அவ்வளவு கொடுக்க யார் இருக்கிறார்கள்? மேசையில் மூன்று ஹார்ட்டின் விழுந்த உடனே ஆடத் தெரிந்தவர் கையைச் சுருட்டிக்கொள்வார். ஃப்ளஷ் என்பது ஊருக்கே தெரிகிற கை. ஒளித்து வைக்க முடியாது.

சரி, ஃப்ளஷ் மட்டுமா, ஏஸ் ஜோடி விழுமே, இரண்டு ஜோடி விழுமே என்று கேட்பார்கள். இரண்டு சீட்டும் ஜோடியாவது ஃப்ளாப்பில் 2 சதவீதம், ஒரே சீட்டு மூன்று சேர்வது 1.35 சதவீதம். இவை உண்மையான லாபம், ஒப்புக்கொள்கிறேன். ஏஸ் ஜோடிதான் அதிகம் வரும். ஃப்ளாப்பில் ஒரு ஏஸாவது விழ 17 சதவீதம், அதாவது ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு பாக்கி என்கிற நிலையைவிடவும் அதிகம். கட்டுரையில் இது ஒரு போனஸ் மாதிரி எழுதப்பட்டிருந்தது. நான் பார்த்த வரை பணம் போவது இங்கேதான்.

சில வாரங்களுக்கு முன் என் மேசையில் நடந்த ஒரு கை. இடது கோடியில் இருந்தவர், அன்று இரவு அதிகம் ஆடாதவர், 800 என்றார். அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பையன், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, ஹார்ட்டின் ஏஸும் ஹார்ட்டின் ஆறும். கால். பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவு சொல்லும் இருக்கையில், இருந்தவரும் பெரிய பிளைண்டும் கால். சின்ன பிளைண்ட் போட்ட 100-ஐயும் சேர்த்து பாட் 3,300. ஃப்ளாப் ஸ்பேட் ஏஸ், டைமன் ஒன்பது, கிளாவர் நாலு. ரெய்ஸ் செய்தவர் 1,800 போட்டார். பையன் கால், மற்ற இருவரும் விலகினார்கள். டர்ன் கிளாவர் ரெண்டு. 4,500. கால். ரிவர் ஹார்ட்டின் ஜாக்கி. 9,000. பையன் சிப்ஸை எடுத்து அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். கால். எதிரில் ஏஸ்-ராணி. 33,900 ரூபாய்ப் பாட்டை நான்தான் அந்தப் பக்கம் தள்ளினேன். பையனுக்கு 16,100 ரூபாய் போனது.

இந்தக் கையில் ஃப்ளஷ் எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. ஐந்து பொதுச் சீட்டில் ஒரே ஒரு ஹார்ட்டின், அதுவும் கடைசியில். அவனை உள்ளே இழுத்தது சூட். பணத்தைக் கொண்டுபோனது ஏஸும் அதன் பக்கத்தில் இருந்த ஆறும். கூட இருக்கும் சீட்டைக் கிக்கர் என்பார்கள். இருவருக்கும் ஏஸ் ஜோடி விழுந்தால் கிக்கர்தான் தீர்மானிக்கும். எதிரியிடம் ஏஸ்-ராணி இருக்கும்போது சூட்டட் ஏஸ்-ஆறுக்கு வெல்லும் வாய்ப்பு 30 சதவீதத்தை ஒட்டித்தான். சூட்டட் என்பதால் கிடைக்கிற கூடுதல் பலம் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு சதவீதம். அதற்கு மேல் இல்லை.

அந்த ஃப்ளாப்பில் நின்று எண்ணிப் பாருங்கள். ரெய்ஸ் செய்தவர் அதிகம் ஆடாதவர். அப்படிப்பட்டவர் முன்வரிசை இருக்கையிலிருந்து, அதாவது முதலில் முடிவு சொல்ல வேண்டிய இடத்திலிருந்து, எட்டின் ஜோடி முதல் மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-ஜாக்கியும் அதற்கு மேலும், ராஜா-ராணி, இவற்றோடுதான் ரெய்ஸ் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். பையன் கையில் ஒரு ஏஸ், நடுவில் ஒரு ஏஸ். மீதம் இரண்டு ஏஸ். ஏஸ்-ராஜா 8 வகை, ஏஸ்-ராணி 8, ஏஸ்-ஜாக்கி 8, ஏஸ் ஜோடி 1. நடுவில் ஒரு ஒன்பது கிடப்பதால் ஒன்பதின் ஜோடி 3. இந்த 28-உம் பையனை அடிக்கும் கைகள். மற்ற ஜோடிகள் 30, ராஜா-ராணி 16, ஆக 46 கைகளைப் பையன் அடிக்கிறான். 74-க்கு 46 என்றால் நல்ல நிலைதானே என்று தோன்றும். ஃப்ளாப்பில் நல்ல நிலைதான். ஆனால் அந்த 46 கைகளை வைத்திருப்பவர், நடுவில் ஏஸ் கிடக்கும்போது ஃப்ளாப்பில் 1,800, டர்னில் 4,500, ரிவரில் 9,000 என்று மூன்று தடவையும் போடுவாரா? பத்தின் ஜோடியோடு இருப்பவர் டர்னிலேயே கையைக் கட்டிக்கொள்வார். மூன்றாவது தடவையும் 9,000 போடுகிறவரிடம் இருப்பது பெரும்பாலும் அந்த 28-இல் ஒன்று. பையன் தோற்கும்போது 16,000 போகிறது. ஜெயிக்கும்போது ஃப்ளாப்பில் ஒரு பெட்டோடு ஆட்டம் நின்று போகிறது. சின்னதாக வெல்வதும் பெரிதாகத் தோற்பதும் இந்தக் கையின் குணம். கால் செய்து உள்ளே வந்தவருக்கு அந்தக் குணம் இன்னும் கூர்மையாகிவிடுகிறது.

ஏனென்றால் கால் செய்தவருக்கு ஜெயிக்க ஒரே வழிதான். சீட்டு விழ வேண்டும். ரெய்ஸ் செய்தவருக்கு இரண்டு வழி. சீட்டு விழலாம், அல்லது மற்றவர்கள் விலகலாம். இது யாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மேசையில் உட்கார்ந்ததும் மறந்து போகிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த ப்ளூரிபஸ் என்ற நிரல் 2019-இல் ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத) போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது மனிதர்களிடமிருந்து எதையும் கற்கவில்லை. தனக்குத் தானே ஆடிப் பழகியது. அப்படிப் பழகிய நிரல், பெரிய பிளைண்டுக்குச் சமமாகப் பணம் போட்டு வெறுமனே உள்ளே வருவதை, சின்ன பிளைண்ட் இருக்கை தவிர மற்ற எல்லா இருக்கையிலும் கைவிட்டுவிட்டது. ரெய்ஸ் செய், இல்லையென்றால் விலகு என்று அனுபவசாலிகள் காலங்காலமாகச் சொல்லி வந்ததற்கே அதுவும் வந்து சேர்ந்தது.

அதோடு ரேக் இருக்கிறது. என் மேசையில் பாட்டிலிருந்து 5 சதவீதம், ஒரு உச்சவரம்பு வரை, காசினோ எடுத்துக்கொள்ளும். அதை எடுத்துப் பெட்டியில் போடுவதும் நான்தான். ஃப்ளாப் வராமலே ஆட்டம் முடிந்தால் ரேக் கிடையாது. அதாவது ரெய்ஸ் செய்து எல்லோரும் விலகிவிட்டால் முழுப் பணமும் அவருக்கு. கால் செய்கிறவர் எப்போதும் ஃப்ளாப் பார்க்கப் போகிறவர், அதனால் ஜெயிக்கும் ஒவ்வொரு கையிலும் பங்கு கொடுத்துவிட்டுத்தான் ஜெயிப்பார். கால் செய்வது ஒன்று இரண்டு சதவீத லாபத்தில் நிற்கிறது என்றால், இந்த ரேக் மட்டுமே அதை நஷ்டமாக்கிவிடும். அப்புறம் வருமான வரி. சீட்டாட்டத்தில் வென்ற பணத்துக்கு 30 சதவீதம், தோற்றதை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. நீண்ட நாளில் லாபம் என்று எழுதுகிறவர் இவை இரண்டையும் சேர்த்து எழுத வேண்டாமா?

சூட்டட் ஏஸை எப்போதும் கீழே போடச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கால் லாபமாகிற இடங்கள் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் நானும் பாதிக் கணக்குதான் சொன்னதாகும்.

பெரிய பிளைண்டில் இருக்கிறீர்கள். பட்டனில் இருப்பவர் 500-க்கு ரெய்ஸ் செய்கிறார், சின்ன பிளைண்ட் விலகிவிட்டார். நடுவில் 800 இருக்கிறது, நீங்கள் போட வேண்டியது இன்னும் 300 மட்டும். 300 போட்டு 1,100 ரூபாய்ப் பாட்டுக்கு ஆடுகிறீர்கள் என்றால் 27 சதவீதம் ஜெயித்தாலே கணக்கு நேராகிவிடும். பட்டனில் இருப்பவர் பலவிதமான கைகளோடும் ரெய்ஸ் செய்வார். அந்தப் பரந்த கைகளுக்கு எதிராக எந்தச் சூட்டட் ஏஸும் இதைவிட அதிகமாகவே ஜெயிக்கும். அங்கே கால் சரி. அதே ஏஸ்-ஆறோடு முன்வரிசைக்காரரின் 800-க்கு நடு இருக்கையிலிருந்து கால் செய்வது வேறு விஷயம். கை ஒன்றுதான், ஆனால் எதிரியின் கைகளும் நீங்கள் கொடுக்கும் விலையும் வேறு, உங்களுக்குப் பின்னால் இன்னும் முடிவு சொல்லாமல் இருக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு இடம், பட்டன். மூன்று பேர் 200 மட்டும் போட்டு உள்ளே வந்திருக்கிறார்கள், ரெய்ஸ் இல்லை, எல்லோரிடமும் நிறையச் சிப்ஸ். எங்களிடம் மாதம் ஒருமுறை வரும் சேலத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. இரவு முழுக்க ஏறக்குறைய எதுவும் பேச மாட்டார், முன் இருக்கைகளில் சூட்டட் ஏஸ் வந்தால் மடக்கிவிடுவார் என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பட்டனில் கிளாவர் ஏஸும் கிளாவர் நாலும் வைத்து 200 போட்டார். ஃப்ளாப்பில் கிளாவர் ராஜா, கிளாவர் எட்டு, டைமன் மூணு. ஒருவர் 800 போட, இவரும் இன்னொருவரும் கால். டர்னில் கிளாவர் அஞ்சு. எதிரில் இருந்தவரிடம் கிளாவர் ராணி-ஜாக்கி. அவருக்கும் ஃப்ளஷ்தான், அதனால் அவரால் விட முடியவில்லை. பாட் நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. இதுதான் சூட்டட் ஏஸின் உண்மையான வருமானம். போட்டது 200. எதிரியிடம் இருந்தது அதைப் போல நூறு மடங்குக்கு மேல். கடைசியாக முடிவு சொல்லும் இருக்கை. உள்ளே நிறையப் பேர், அதனால் சின்ன ஃப்ளஷ் இன்னொருவருக்கு விழவும் இடம் இருக்கிறது. இவற்றில் ஒன்றைக் கழித்தாலும் லாபம் சுருங்கும். உங்கள் கட்டுரை இப்படிப்பட்ட கையின் முடிவை மட்டும் எழுதி, அதற்கு முன்னால் இருந்த நிபந்தனைகளை எல்லாம் விட்டுவிட்டது.

சூட்டட் ஏஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதும் தவறு. ஏஸ்-ராஜாவும் ஏஸ்-ராணியும் சூட் இல்லாமலேயே நல்ல கைகள். ஏஸுடன் ரெண்டு முதல் அஞ்சு வரை இருந்தால் ஏஸ்-ரெண்டு-மூணு-நாலு-அஞ்சு என்ற ஸ்ட்ரெய்ட்டும் வரும், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வரும். ஆறு முதல் ஒன்பது வரை உள்ளவற்றுக்கு அந்த வசதியும் இல்லை, கிக்கரும் பெரிதில்லை. புதியவர்கள் ஒன்பது அஞ்சைவிடப் பெரியது என்று பார்த்து ஏஸ்-ஒன்பதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் ஏஸ்-அஞ்சை எடுத்து, கால் செய்யாமல், 800-ஐ 2,600 ஆக்கி மறு-ரெய்ஸ் செய்வதைப் பார்க்கிறேன். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஏஸ் நம் கையில் இருந்தால் எதிரிக்கு ஏஸ் ஜோடி கிடைக்கும் வழிகள் 6-இலிருந்து 3 ஆகக் குறைகின்றன, ஏஸ்-ராஜா 16-இலிருந்து 12 ஆகக் குறைகிறது. நம் மறு-ரெய்ஸுக்கு எதிர்த்து நிற்கக்கூடிய இந்த இரண்டு பெரிய கைகளும் சேர்ந்து 22 வழியிலிருந்து 15 வழியாகிவிடுகின்றன. விலக வைக்கும் வாய்ப்பு கூடுகிறது. எதிரி விலகாவிட்டாலும் ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் கைவசம் உண்டு. இதை எல்லோர் மீதும் செய்ய முடியாது. எது வந்தாலும் கால் செய்கிற ஆள் மீது செய்தால் காசு போகும். ஆனால் அதே சீட்டைக் கால் செய்து ஆடுவதைவிட இது ஏன் பலமான ஆட்டம் என்பது அந்த 22, 15 என்ற எண்களிலேயே இருக்கிறது.

போட்டிகளில், அதாவது டோர்னமென்ட்டில், சிப்ஸ் குறைந்த நேரத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. பத்து பிளைண்டுக்கான சிப்ஸ் மட்டும் இருக்கும்போது சூட்டட் ஏஸ்-ஆறோடு நீங்களே முதலில் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினால், பலர் விலகுவார்கள். அதே ஏஸ்-ஆறோடு இன்னொருவர் தள்ளியதற்குக் கால் செய்தால் விலகுவதற்கு ஆளே இல்லை. எதிரில் ராஜா-ராணி இருந்தால் உங்களுக்கு 60 சதவீதத்தை ஒட்டி. ராஜா ஜோடியோ ஒன்பதின் ஜோடியோ இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. பெரிய ஏஸ் இருந்தால் அதற்கும் கீழே. தள்ளுவதற்குப் போதுமான கை கால் செய்வதற்குப் போதாது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டன. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடு அதில் இல்லை. அந்தச் சட்டம் சரியா தவறா என்று நான் பேச வரவில்லை. இணையத்தில் சின்னத் தொகைக்கு ஆடிப் பழகிய பிள்ளைகள் பலர் இப்போது நேராக எங்கள் 100-200 மேசைக்கு வந்து உட்காருவதைப் பார்க்கிறேன். இணையத்தில் ஆடும்போது ஒவ்வொரு கையும் பதிவாகும். ஏஸ்-ஏழு சூட்டட்டில் இதுவரை எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம். எங்கள் மேசையில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஃப்ளஷ் விழுந்து பாட் வாங்கிய அந்த ஒரு கையை ஆறு மாதம் கழித்தும் சீட்டுச் சீட்டாகச் சொல்வார்கள். 800 போட்டுக் கால் செய்து, ஃப்ளாப் பார்த்து, ஒன்றும் விழாமல் மடக்கிய கைகள் அடுத்த சீட்டு வருவதற்குள் மறந்துபோகும். அந்த 800-கள்தான் ஒரு இரவின் நஷ்டம்.

அதனால் என் மேசையில் கேட்கிற தம்பிகளுக்குச் சொல்வது, ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எந்தச் சூட்டட் ஏஸ், எந்த இருக்கை, முன்னால் ரெய்ஸ் செய்தவர் யார், அவரிடம் எவ்வளவு சிப்ஸ், நீங்கள் கால் செய்தீர்களா ரெய்ஸ் செய்தீர்களா, கடைசியில் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு. ஆட்டம் நடக்கும்போது என்னால் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இடைவேளையில் மேல்தளத்தில் காற்று வாங்க வரும்போது கேட்டால் சொல்வேன். ஒரு பையன் அப்படிக் குறித்துவந்து காட்டினான். கால் செய்த வரிகளில் ஏறக்குறைய முழுக்க கழித்தல் குறி. பட்டன், பெரிய பிளைண்ட் வரிகளில் மட்டும் கொஞ்சம் கூட்டல் இருந்தது. வேறு எந்த விளக்கமும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

வட்டிக்கு வாங்கி வந்து ஆடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்தக் கையும் லாபம் இல்லை. அவர்களிடம் கணக்குப் பேசவே எனக்கு மனம் வராது. இந்தக் கடிதம் கையில் இருக்கும் காசுக்கு ஆடுகிறவர்களுக்கு, அவர்களுக்கு வழிகாட்டுகிற உங்கள் பக்கத்துக்கு.

கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வரும் ஞாயிறும் வெளியாகும் என்று போட்டிருந்தீர்கள். அதில் சூட்டட் ஏஸ் பற்றிய பத்தியைத் திருத்தி, இருக்கை, எதிரியின் சிப்ஸ், முன்னால் வந்த ரெய்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 0.84, 11, 35 என்ற மூன்று சதவீதங்களையும், ரேக்கையும், 30 சதவீத வரியையும் பக்கத்தில் ஒரு பெட்டியில் அச்சிடுங்கள். கட்டுரையாளருக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்தால், அவர் சொல்லும் லாபத்துக்கான கணக்கையும் அப்படியே ரூபாயில் போடட்டும். கட்டாயம் படிப்பேன்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகி,
பனாஜி, கோவா